தோற்ற திருத்தங்கள்: அரசியல் நிர்ணய சபைக் குறிப்புகள் பற்றி ஒரு வாசிப்பு

காயிதே மில்லத் நினைவாக வெளிவரும் மலர்களில் எதனைப் புரட்டினாலும் இரண்டு தேதிகள் பெரும்பாலும் தவறுவதில்லை. ஒன்று 1947 ஆகஸ்ட் 27. மற்றது 1948 நவம்பர் 23. முதல் தேதியில், தனி வாக்காளர் தொகுதி முறையைக் கோரி பி. போக்கர் சாஹிப் அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தார். இரண்டாவது தேதியில், பொது உரிமையியல் சட்டம் பற்றிய வரைவுப் பிரிவு 35 விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகத்தாரையும் தமது தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தலாகாது எனும் காப்பு வாசகத்தை முஹம்மது இஸ்மாயில் சாஹிப் முன்மொழிந்தார். இரண்டும் தோற்றன. அவ்விரு தோல்விகளையும் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து, பெருமூச்செறிந்து, மலரை மூடி வைத்துவிடுகிறோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மாதனூரில் நாம் சிலர் இஷாத் தொழுகைக்குப் பின் கூடி, அச்சபையின் விவாதத் தொகுதிகளை முதலிலிருந்து வாசிப்பதென்று தீர்மானித்தோம். ஆங்கிலத்தில் அச்சாகியுள்ள பன்னிரண்டு தொகுதிகள் அவை. ஒருவர் வாசிக்க, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமிழில் பொருள் சொல்ல, ஏனையோர் கேட்பது என்பது ஏற்பாடு. நம்முள் ஒருவர் ஆம்பூரில் டேனரி நடத்துபவர். மற்றொருவர் பாலாற்றங்கரையில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். ‘நவம்பர் 23 எப்போது வரும்?’ என்று யாரேனும் ஒருவர் கேட்காத இரவில்லை. அந்நாளும் வந்து, கடந்து போயிற்று. அதன் பின்னரே நாம் எதிர்பாராத பக்கங்கள் வரத் தொடங்கின.

இக்கட்டுரை அப்பக்கங்களைப் பற்றியது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற முஸ்லிம் லீக் உறுப்பினர்கள் தம் சமூகத்துக்காகப் பேசியவற்றைக் காட்டிலும், ஓர் அரசாங்கம் எவ்வாறு அமைய வேண்டும், அதன் கை எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்று நாட்டார் அனைவருக்குமாகப் பேசியவையே கனமானவை என்பது நமது கருத்து. தேசிய வரலாற்றாசிரியர்கள் அவற்றைக் கவனியாது விட்டதில் வியப்பில்லை. நம்மவர் மலர்களிலும் அவை இடம்பெறாமல் போனதற்குத்தான் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

சபை கூடிய விதம்

அரசியல் நிர்ணய சபை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த சபையன்று. 1946இல் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு வகுத்த திட்டப்படி, ஏறத்தாழப் பத்து இலட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர் எனும் கணக்கில் மாகாணச் சட்டமன்றங்கள் தேர்ந்தனுப்பியவர்கள் அதில் அமர்ந்தனர். அச்சட்டமன்றங்களோ 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சொத்தும் வரியும் கல்வியும் பார்த்து வழங்கப்பட்ட வாக்குரிமையால் அமைந்தவை. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டிய பாலாற்றங்கரைத் தொழிலாளிகளுள் மிகப் பெரும்பாலோர் அந்த வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள். சென்னை மாகாணத்துக்குக் கிடைத்த 49 இடங்களில் 45 பொது இடங்கள். 4 முஸ்லிம் இடங்கள்.

சபை முதன்முதலாகக் கூடியது 1946 டிசம்பர் 9இல். முஸ்லிம் லீக் அதனைப் புறக்கணித்தது. குறிக்கோள் தீர்மானம் 1947 ஜனவரி 22இல் லீக் உறுப்பினர்கள் இல்லாமலேயே நிறைவேறியது. பிரிவினை உறுதியான பின், இந்தியப் பகுதியில் எஞ்சிய லீக் உறுப்பினர்கள் 1947 ஜூலை 14 முதல் சபைக்கு வந்தனர். பந்தி பாதி நடந்தபின் வந்து அமர்ந்தவர்களின் நிலை அவர்களுடையது. சென்னையின் முஹம்மது இஸ்மாயில், மலபாரைச் சேர்ந்த வழக்குரைஞர் போக்கர், மஹ்பூப் அலி பேக், கே.டி.எம். அஹ்மது இப்ராஹீம் ஆகிய நால்வரும், தாம் சார்ந்த கட்சியின் பெயரால் ஒரு நாடு பிரிந்துபோன நிலையில், பிரியாத நாட்டின் சட்டத்தை எழுதும் அவையில் அமர்ந்திருந்தனர். திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்து, சென்னையில் தோல் வணிகம் செய்த இஸ்மாயில் சாஹிபை ஆம்பூர், வாணியம்பாடிப் பெரியவர்கள் ‘நம் தொழில்காரர்’ என்று உரிமையுடன் குறிப்பிடுவதுண்டு. அந்தத் தொழில்காரர் அவையில் எழுந்து நின்றபோது அவரைச் சுற்றியிருந்த சூழலின் வெப்பத்தை மறந்துவிட்டு அவரது உரைகளை வாசிப்பது நியாயமாகாது.

1947 ஆகஸ்ட் 29இல் டாக்டர் அம்பேத்கரைத் தலைவராகக் கொண்ட எழுவர் வரைவுக் குழு நியமிக்கப்பட்டது. அல்லாடி கிருஷ்ணசுவாமி அய்யரும் என். கோபாலசுவாமி அய்யங்காரும் சென்னை மாகாணத்தினர், பின்னர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் சேர்ந்தார். குழுவிலிருந்த ஒரே முஸ்லிம் அஸ்ஸாமின் சையத் முஹம்மது சாதுல்லா. போக்கர் சாஹிபின் திருத்தம் வீழ்ந்து அப்போது இரண்டு நாள்களே ஆகியிருந்தன.

அத்திருத்தத்தைப் பற்றி நமது கருத்தை ஒளிக்காமல் கூறிவிடுவோம். பஞ்சாபில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்த அந்த ஆகஸ்டில், பிரிவினையின் விதை என்று பெரும்பான்மையோர் நம்பிய ஒரு முறையை மீண்டும் கேட்டது காலமறியாச் செயல். ‘சிறுபான்மையின் உண்மையான பிரதிநிதியைச் சிறுபான்மையே தேர வேண்டும்’ எனும் வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. அடுத்த நாளே, அதே சென்னை மாகாணத்தின் தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதியான எஸ். நாகப்பா, ஒதுக்கப்பட்ட தொகுதியில் வெல்பவர் தம் சமூகத்தாரின் வாக்குகளில் 35 விழுக்காடாவது பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்து, பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டார். இருவரின் கவலையும் ஒன்றே. ஆயினும் ‘தனித்தொகுதி’ என்னும் சொல் அவையின் செவியை அடைத்துவிட்டது. அதற்குப் பின் சென்னை உறுப்பினர்கள் விகிதாசாரம் என்று எதைச் சொன்னாலும், பழைய கோரிக்கை புது உடையில் வந்ததாகவே கேட்கப்பட்டது. 1949 மே 25, 26 தேதிகளில் சமயச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடே நீக்கப்பட்டபோதும், இஸ்மாயில் சாஹிப் ஒதுக்கீட்டையும் தனித்தொகுதியையும் சேர்த்தே வேண்டினார். ஐக்கிய மாகாணத்தின் இஸட்.எச். லாரி அவ்விரண்டையும் விட்டு விகிதாசார முறையை மட்டும் பற்றி நின்றார். வழி அறிந்தவர் லாரி என்றே நமக்குத் தோன்றுகிறது. இஸ்மாயில் சாஹிபின் துணிவைப் போற்றுவோர் இதனைக் கூறியதற்காக நம்மிடம் வருத்தம் கொள்ளலாகாது.

1948 நவம்பர் 23 வேறு வகையானது. அன்றைய காப்பு வாசகம் தோற்றதாயினும், அதற்குப் பதிலளித்த அம்பேத்கர், வருங்கால நாடாளுமன்றம் அச்சட்டத்துக்கு உட்பட இசைவு தெரிவிப்போருக்கு மட்டும் அதனை முதலில் பொருந்தச் செய்யக்கூடும் என்றொரு வழியைத் திறந்து வைத்தார். அந்த வாதம் பெற்றுத்தந்த பதில் அது. இவ்விவாதம் பற்றி வேண்டிய அளவுக்கு எழுதப்பட்டுவிட்டமையால் நாம் மேலே செல்வோம்.

அமைச்சரவையை யார் தேர்வது?

1948 டிசம்பர் 30. அமைச்சரவை பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. குடியரசுத் தலைவர் பிரதமரை நியமிப்பார், பிரதமரின் யோசனைப்படி ஏனைய அமைச்சர்களை நியமிப்பார் என்பது வரைவு. மஹ்பூப் அலி பேக் சாஹிப் எழுந்து ஒரு திருத்தத்தை முன்வைத்தார். அமைச்சர்கள் பதினைவர், அவர்களை இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தமக்குள்ளிருந்து, ஒற்றை மாற்று வாக்கு வழியான விகிதாசார முறையில் தேர்வர், பிரதமரும் அவ்வாறே தேரப்படுவார் என்பது அதன் சாரம்.

வாசித்துக்கொண்டிருந்தவர் இவ்விடத்தில் நிறுத்திவிட்டு, ‘இது நம் ஜமாஅத் முறையல்லவா?’ என்றார். பல ஊர்களில் ஜமாஅத் நிர்வாகிகளைத் தேரும்போது தெருவுக்கு ஒருவர் வருமாறு பார்த்துக்கொள்வார்கள். பெரிய தெருவுக்கு இருவர் கிடைக்கலாம். எந்தத் தெருவும் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. முத்தவல்லியை எதிர்த்து நின்றவரும் அதே குழுவில் அமர்ந்து கணக்குப் பார்ப்பார். சண்டை வராமலில்லை, வந்தாலும் அறைக்குள்ளேயே முடிந்துவிடுவது பெரும்பான்மை. பேக் சாஹிபின் திருத்தத்துக்கும் உட்பொருள் இதுவே. அமைச்சரவை வென்ற கட்சியின் குழுவாக இராமல் அவையின் குழுவாக இருக்க வேண்டும் என்பது அது. இதில் முஸ்லிம் என்ற சொல்லே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தனித்தொகுதி கேட்ட அதே அணியிலிருந்து, எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லாத ஒரு திட்டம் வந்திருக்கிறது.

அம்பேத்கரின் மறுப்பு வலுவானது. அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு வேண்டும்; அப்பொறுப்பைக் காக்கும் கருவி பிரதமரே; அமைச்சரைத் தேரவும் நீக்கவும் இயலாத பிரதமரால் அதனைக் காக்க முடியாது என்பது அவர் வாதம். வளைவின் நடுக்கல்லை எடுத்துவிட்டால் வளைவு நிற்குமா என்பதே அவர் கேட்டதன் பொருள். பேக் சாஹிபின் திருத்தத்தில் இதற்கு விடை இல்லை. பதினைவருள் ஒருவர் முறைகேடு செய்தால் அவரை யார் விலக்குவது? வரவு செலவுத் திட்டத்தில் அமைச்சர்கள் இரண்டு பட்டால் எது அரசின் கொள்கை? இவை திருத்தத்தின் குறைகள். அவற்றை மறைத்து அதனைப் புகழ்வது விமர்சனமாகாது.

ஐந்து நாள் கழித்து, 1949 ஜனவரி 4இல், மக்களவைத் தேர்தலையே விகிதாசார முறையில் நடத்த வேண்டும் என்று மத்திய மாகாணத்தின் காஜி சையத் கரீமுத்தீன் திருத்தம் கொண்டுவந்தார். இதற்கு அம்பேத்கர் அளித்த பதில் நம்மை நிறைவு செய்யவில்லை. விகிதாசார முறைக்குப் பரந்த எழுத்தறிவு வேண்டும், நம் மக்களிடம் அது இல்லை என்றார். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்க்கு ஒரே வீச்சில் வாக்குரிமை வழங்கிய அதே சபை, அம்மக்களுக்கு முன்னுரிமை வரிசையிட மட்டும் அறிவில்லை என்று கருதியது பொருந்துகிறதா? வேட்பாளர்களுக்குச் சின்னங்கள் தந்து எழுத்தறியாதாரும் வாக்களிக்க வழி கண்ட நாடு, இதற்கும் ஒரு வழி கண்டிருக்கும். அவரது இரண்டாவது காரணம், சட்டமன்றம் சிறு சிறு குழுக்களாகச் சிதறி நிலையான அரசு அமையாது என்பது. அது விரைவிலேயே சோதனைக்கு உள்ளாயிற்று. அதுவும் நம் மாகாணத்தில்.

அதற்கு முன் ஒரு சிறு செய்தி. மூல வரைவில் நான்காம் அட்டவணை என ஒன்று இருந்தது. ஆளுநர்களுக்கான அறிவுறுத்தல்கள் அடங்கியது. சட்டமன்றத்தில் நிலையான பெரும்பான்மையைப் பெறக்கூடியவர் எவரோ அவரைக் கலந்து அமைச்சர்களை நியமிக்க வேண்டும்; இயன்ற அளவு முக்கியச் சிறுபான்மைச் சமூகத்தினரையும் சேர்க்க முயல வேண்டும் என்று அது கூறிற்று. 1949 அக்டோபரில் அந்த அட்டவணை முழுவதும் நீக்கப்பட்டது. மரபே போதும், எழுத வேண்டியதில்லை என்பது நிலைப்பாடு. இட ஒதுக்கீடு நீங்கிய ஐந்தே மாதத்தில், அமைச்சரவையில் சிறுபான்மையினர் பற்றிய அந்த மெலிந்த வரியும் நீங்கிற்று. தனித்தொகுதியின் தோல்விக்காக வருந்தும் நம்மவர் மலர்களில் இந்த வரியைப் பற்றி ஒரு குறிப்பையும் நாம் கண்டதில்லை. சிறுபான்மையினரைப் பற்றிய பகுதி போனதைவிட, ஆளுநர் யாரை அழைக்க வேண்டும் என்ற பகுதி போனதன் விளைவு பெரிது.

1952 தொடக்கத்தில் முதல் பொதுத்தேர்தல் முடிந்தபோது, சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு 35, தென்னாற்காட்டில் வேரூன்றிய உழைப்பாளர் கட்சிக்கு 19, நம் வட ஆற்காட்டிலும் செங்கற்பட்டிலும் வலுவாயிருந்த மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6, முஸ்லிம் லீகுக்கு 5. நிலையான அரசைத் தரும் என்று உறுதி கூறப்பட்ட முறையே, முதல் தேர்தலிலேயே பெரும்பான்மையற்ற அவையைத் தந்துவிட்டது. த. பிரகாசத்தின் தலைமையில் எதிரணியினர் ஒன்றுகூடி, தங்கள் பக்கமே எண்ணிக்கை மிகுதி என்றனர். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அழைத்ததோ இராஜாஜியை. அவர் தேர்தலில் நின்றவரே அல்லர். ஆளுநரின் நியமனத்தால் மேலவைக்கு வந்தவர். 1952 ஏப்ரல் 10இல் பதவியேற்றார். பி. இராமமூர்த்தி உயர்நீதிமன்றம் சென்றார், வழக்கு தள்ளுபடியாயிற்று. மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். ஜூலை 3இல் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தபோது இராஜாஜிக்கு ஆதரவாக 200 வாக்குகளும் எதிராக 151 வாக்குகளும் விழுந்தன. ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில் அந்த எண்ணிக்கை எவ்வாறு வளர்ந்தது என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இரண்டாண்டுகளில் இராஜாஜி விலகினார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜரும் அப்போது சட்டமன்ற உறுப்பினர் அல்லர். பாலாற்றுக்கு அப்பால், மாதனூருக்கு அண்டையிலுள்ள குடியாத்தத்தில் நடந்த இடைத்தேர்தலில் நின்று வென்றே அவர் அவைக்குள் நுழைந்தார். நம் பகுதி முதியோர் அத்தேர்தலைத் திருவிழாவைப்போல நினைவுகூர்வார்கள். முதல் பொதுத்தேர்தலுக்குப் பின் இம்மாகாணத்தை ஆண்ட முதல் இரு முதலமைச்சர்களும், பதவியேற்ற நாளில், மக்கள் தேர்ந்த சட்டமன்றத்தின் உறுப்பினராக இருக்கவில்லை என்பதை அந்த நினைவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இருவருமே பெரியவர்கள், சட்டமும் அதற்கு இடம் தந்தது. நமது வினா சட்டத்தைப் பற்றியது.

பேக் சாஹிபின் விதி மாகாணங்களுக்கும் பொருந்தியிருந்தால்? பதினைந்து அமைச்சர் இடங்களில் காங்கிரசுக்கு ஆறு, கம்யூனிஸ்டுகளுக்கு இரண்டோ மூன்றோ, மற்றவை ஏனையோர்க்கு. கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று அறிவித்த இராஜாஜியும், அவர்மீது வழக்குத் தொடுத்த இராமமூர்த்தியும் ஒரே மேசையில்! அந்த அமைச்சரவை ஒரு மாதம் தாங்கியிருக்குமா என்று நம் ஆசிரியர் சிரித்தார். நமக்கும் ஐயமே. வட அயர்லாந்தில் 1998 உடன்படிக்கைக்குப் பின், கட்சிகளின் சட்டமன்ற வலிமைக்கேற்ப அமைச்சர் இடங்களைப் பகிரும் முறை வந்தது. முப்பதாண்டுக் குருதிப்பெருக்கை நிறுத்த அது உதவிற்று. அதே முறை 2017 முதல் 2020 வரையும், 2022 முதல் 2024 வரையும் முடங்கிக் கிடந்ததும் உண்மை.

ஆனால் திருத்தத்தின் இன்னொரு பாதியை மட்டும் தனியே எடுத்து நோக்குவோம். பிரதமரை அவையே தேர வேண்டும் என்பது அது. விகிதாசாரம் இல்லாமலேயே இது நிற்கும். பல நாடுகளில் நிற்கிறது. அம்பேத்கரின் நடுக்கல் வாதம் இதனைத் தொடாது; ஏனெனில், அவையால் தேரப்பட்ட பிரதமரும் தம் அமைச்சர்களைத் தாமே தேரலாம், நீக்கலாம். இப்பாதி மட்டும் ஏற்கப்பட்டிருந்தால் 1952இல் ஆளுநர் மாளிகையின் வாசலில் யாரும் பட்டியலோடு காத்திருக்க வேண்டி வந்திராது. பெரும்பான்மை எங்கே என்பதை ஆளுநர் மாளிகையில் அளக்கலாகாது, அவையின் தளத்திலேயே அளக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உறுதிப்படுத்தியது 1994இல். அவ்விடத்துக்கு வந்துசேர 45 ஆண்டுகள் ஆயின. இரு பாதிகளையும் ஒரே வாசகத்தில் கட்டிப்போட்டு, இரண்டும் சேர்ந்து மூழ்கவிட்டது பேக் சாஹிபின் பிழை. பிரித்துக் கேட்டிருந்தாலும் அன்றைய அவை தந்திருக்குமா என்பது வேறு.

பாலாற்றுக்கு வந்த பிரிவு

அமைச்சரவை விவாதத்துக்கு ஒரு மாதம் முன்பு, டிசம்பர் முதல் நாளில், பேக் சாஹிப் இன்னொரு திருத்தத்துக்காக எழுந்திருந்தார். பேச்சுரிமை முதலிய உரிமைகளை வழங்கும் பிரிவில், அவற்றைக் கட்டுப்படுத்தும் உட்பிரிவுகளை அறவே நீக்க வேண்டும் என்றார். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பதென்பது அவர் குறை. அவையும் அரசும் கட்டுப்பாடுகளை விடவில்லை. ஆனால் தாக்கூர் தாஸ் பார்கவா கேட்ட ‘நியாயமான’ எனும் ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டு நீதிமன்றங்கள் அந்தச் சொல்லை வைத்து எத்தனை சட்டங்களைச் செல்லாதனவாக்கின என்பதை வழக்குரைஞர்கள் அறிவார்கள்.

டிசம்பர் 6இல் வந்தது உயிர், உடல் விடுதலை பற்றிய பிரிவு; இன்றைய 21. ‘சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி’ ஒருவரின் உயிரையோ விடுதலையையோ பறிக்கலாகாது என்பது வாசகம். அரசு எந்த நடைமுறையை வகுத்தாலும் அது போதும் என்றாகிவிடும். நடைமுறை நேர்மையானதா என்பதை நீதிமன்றம் பார்க்க இயலாது என்று கரீமுத்தீனும் லாரியும் வேறு சிலரும் எச்சரித்தனர். பேக் சாஹிபின் பேச்சு இவ்விடத்தில் ஒரு நல்ல வழக்குரைஞரின் கூர்மையுடையது. இவ்வாசகத்தை ஜப்பான் அரசியலமைப்பிலிருந்து எடுத்ததாகச் சொல்கிறீர்கள். அங்கே அதனைச் சூழ்ந்து கைது, வழக்குரைஞர் உதவி முதலிய காப்புப் பிரிவுகள் நிற்கின்றனவே, அவற்றை ஏன் விட்டுவிட்டீர்கள் என்பது அவர் கேள்வி. அன்று வாசகம் மாறவில்லை. ஆனால் 1949 செப்டம்பரில் அம்பேத்கரே ஒரு புதிய பிரிவைக் கொண்டுவந்தார். விட்டுப்போனதை ஈடுசெய்வதாகக் கூறியே கொண்டுவந்தார். இன்றைய 22 அது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது அதிலிருந்து வருவது. தடுப்புக் காவலும் அதே பிரிவினுள்தான் புகுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எச்சரிக்கை பலிக்க நாளாகவில்லை. 1950இல், சென்னை அரசுக்கு எதிராக ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், நடைமுறை ஒன்று இருந்தால் போதும் என்றே உச்சநீதிமன்றம் கூறிற்று. அந்நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாய் இருக்க வேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கில் அது கருத்தை மாற்றிக்கொண்டது. அன்றிலிருந்து 21ஆம் பிரிவு விரிந்துகொண்டே வந்திருக்கிறது.

அது விரிந்து வந்து நின்ற இடங்களுள் ஒன்று நம் ஊர். 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்தது. அப்போது இம்மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். வரைவுக் குழுத் தலைவரின் பெயர். தோல் கழிவு நீரால் பாலாறு கெட்டது. டேனரி வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று என்பதை நீதிபதி குல்தீப் சிங் எடுத்துரைத்தார். ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் நீர் செலவாவதாகவும் தீர்ப்பில் கணக்கு உண்டு. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் எனும் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது நிலைநாட்டியது. அதற்குத் துணை நின்ற பிரிவுகளுள் முதன்மையானது 21.

இத்தீர்ப்பை நாம் வாசித்த இரவை மறப்பதற்கில்லை. விவாதத் தொகுதிகளோடு சேர்ந்ததன்று. ஆசிரியர்தான் தேடி எடுத்துவந்தார். இங்குள்ள தோல் தொழிலில் நம் சமூகத்தாரின் கை எத்தகையது என்பது எல்லாரும் அறிந்தது. நம் மதரஸாக்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பல அந்தக் கையிலிருந்து வந்தவை. வயலை இழந்தோருள் எல்லாச் சமூகத்தாரும் உண்டு. குழியில் நின்று கால்கள் வெந்தவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள். அவர்கள் வாக்குரிமையின்றி நின்ற காலத்தில், ஒரு தோல் வணிகர் அங்கம் வகித்த அணியினர் எல்லார் உயிருக்குமாக வாதாடிய பிரிவு, ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து அத்தொழிலின் கழிவையே கேள்வி கேட்க வந்து நின்றது. இதனைச் சமூகத்தின்மீது தொடுக்கப்பட்ட தாக்குதல் என்று அக்காலத்தில் சிலர் பேசியதை நாமே கேட்டிருக்கிறோம். அவ்வாறு பேசியவர்கள் 1948 டிசம்பர் 6ஆம் நாள் குறிப்புகளை வாசித்திருக்கமாட்டார்கள்.

தோப்புக்காரர், ‘அந்தத் தீர்ப்பு வந்து கிணறு இனித்ததா?’ என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. 2025 ஜனவரி 30இல் உச்சநீதிமன்றம் இதே பாலாற்று மாசு குறித்து மீண்டும் ஆணையிட வேண்டி வந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும், மாசுபடுத்தியோரிடமிருந்து அத்தொகையை வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 ஆண்டுகள்; அந்த ஆண்டுகளில் கோட்டையில் அமர்ந்த அரசாங்கங்கள் பல. 2019இல் மாவட்டம் பிரிந்து மாதனூர் திருப்பத்தூருடன் சேர்ந்தது. ஆறு எந்த மாவட்டத்தில் ஓடுகிறது என்பதில் அதிகாரிகளுக்கு ஒரு புது வேலையும் கூடிற்று.

வரைவை அவையில் முன்மொழிந்த அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் நிறைவுரை ஆற்றியபோது ஒரு கணக்குச் சொன்னார். 7,635 திருத்தங்கள் தரப்பட்டன. அவற்றுள் 2,473 அவையில் எடுத்துக்கொள்ளப்பட்டன. எல்லாரும் ஆமாம் சாமிகளாக இருந்திருந்தால் சபையின் நடவடிக்கை சுவையற்றுப் போயிருக்கும் என்று கூறி, மாறுபட்டு நின்றவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். காமத், தேஷ்முக், சித்வா, சக்சேனா, தாக்கூர் தாஸ் பார்கவா, கே.டி. ஷா, குன்ஸ்ரு. பெருந்தன்மையான பட்டியல்தான். பேக், போக்கர், இஸ்மாயில், லாரி, கரீமுத்தீன் எவரும் அதில் இல்லை. அன்றைய சூழலில் அது நேர்ந்தது என்று விட்டுவிடலாம். அவர்களை இரண்டு தேதிகளுக்குள் அடக்கிவைத்த நம் பட்டியலைத்தான் அவ்வாறு விட்டுவிட மனம் வரவில்லை.

தொகுதிகளின் முதற்சுற்று வாசிப்பு முடிந்துவிட்டது. தீர்ப்பை வாசித்த இரவுக்குப் பின் டேனரி நண்பர் இரு வாரம் வரவில்லை. சென்ற வெள்ளியன்று பையனை அனுப்பி, அந்த டிசம்பர் 6ஆம் தேதிப் பக்கங்களுக்கு நகல் கேட்டிருந்தார். ஆசிரியர் எடுத்துக் கொடுத்தார். தீர்ப்பின் நகலையும் சேர்த்தே.